நான்கு மணி ஐம்பது நிமிடம்

புதன்கிழமை சாயங்காலம் அம்மாவின் கைப்பையில் கண்ணாடி துடைக்கும் துணியைத் தேடப்போய்த்தான் அந்தக் காகிதம் சரியக்காவின் கையில் அகப்பட்டது. டாக்டர் கொடுத்த சான்றிதழ். அம்மா விமானத்தில் போகலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தார். நல்ல விஷயம்தானே என்று மடித்து வைக்கப்போனவள் கடைசி வரியைப் படித்தாள். 'ஆறு மணி நேரத்துக்கு மேற்படாத பயணத்துக்கு மட்டும்.'

தம்பி இருக்கிற ஊருக்குப் பத்து மணி ஐம்பது நிமிடம். வழியில் எங்கும் இறங்காமல் போகிற விமானமே அவ்வளவு நேரம் எடுக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் இடது காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. கால் வீங்கி, தூக்க முடியாமல், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் நான் என்ன, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று இதே டாக்டர் சொன்னதைச் சரியக்கா கட்டில் ஓரமாக நின்று இரண்டு காதாலும் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு விமானம். பெட்டியெல்லாம் கட்டி வாசல் பக்கம் வைத்தாகிவிட்டது.

சான்றிதழோடு இன்னொரு தாள் சேர்த்துப் பின் அடித்திருந்தது. அதைப் புரட்டினாள். இணையத்திலிருந்து அச்செடுத்த பக்கம். இந்த ஊரிலிருந்து தம்பியின் ஊருக்கு: தூரம் 8,700 கிலோமீட்டர், விமான நேரம் 4 மணி 50 நிமிடம். அடியில், சரிபார்த்தவர் என்று போட்டு, எதிரே ஒரு பெயர். யார் பெயர்? அவள் பெயரேதான்!

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், விமானம் எத்தனை மணி நேரத்தில் போகும் என்று லட்சக்கணக்கில் பக்கம் போடுகிற கம்பெனி அது. அங்கே சரிபார்க்கும் வேலை அவளுக்கு. இடது திரையில் அட்டவணை, வலது திரையில் பக்கம். அட்டவணையில் இருக்கிற எண்ணும் பக்கத்தில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால் 'சரி' என்கிற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது பக்கம். நான்கு வருடமாக இந்தப் பிழைப்பு. அதனால்தான் அங்கே எல்லோருக்கும் அவள் சரியக்கா. அட்டவணையே தப்பாக இருந்தால்? அது அவள் கவலை இல்லை. தப்பும் தப்பும் ஒத்துப்போனால் அந்த அலுவலகத்தில் அதற்குப் பெயர் சரி.

அந்த நான்கு மணி ஐம்பது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை. விமானம் இங்கே காலை எட்டு நாற்பதுக்குக் கிளம்பும். அங்கே மதியம் ஒன்றரைக்குப் போய் இறங்கும். ஒன்றரையிலிருந்து எட்டு நாற்பதைக் கழித்தால் நான்கு ஐம்பது. அங்கே கடிகாரம் ஆறு மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதை எந்த மகானுபாவனோ அட்டவணையில் போட மறந்துவிட்டான்.

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று இந்த ஊர் நேரம், இன்னொன்று தம்பி ஊர் நேரம். தம்பி போனதிலிருந்து ஆறு வருடமாக இரண்டுக்கும் பாட்டரி மாற்றுவது அம்மாதான். சரியக்கா அந்தக் கடிகாரங்களுக்குக் கீழே நின்றுகொண்டு சான்றிதழை நீட்டினாள்.

"இது என்னம்மா?"

"டாக்டர் குடுத்தது. போகலாம்னு எழுதியிருக்காரே, படிக்கலையா?"

"ஆறு மணி நேரத்துக்குள்ளன்னா போகலாம்னு எழுதியிருக்கார்! நீ போறது பத்தே முக்கால் மணி நேரத்துக்கு மேல!"

"நாலு அம்பதுதானே போட்டிருக்கு." அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. "கீழ உன் பேரும் போட்டிருக்கு."

சரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆரம்பித்தாள். "இங்க பாரும்மா. இந்தக் கடிகாரத்துல இப்போ மணி ஏழு. அந்தக் கடிகாரத்துல ஒண்ணு. நீ கிளம்பறது இந்தக் கடிகாரத்துல, இறங்கறது அந்தக் கடிகாரத்துல. ரெண்டையும் கழிச்சா எப்படிம்மா சரியா வரும்?"

அம்மா கையை நிறுத்திவிட்டு, முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டு, இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓய்வு பெறும்வரை முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவள் அவள். அந்த நேரத்தில் மகளுக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்தது, வரவில்லை.

"எனக்கு இதெல்லாம் என்னடி தெரியும்? நீ சரின்னு சொல்லி உலகத்துக்கே போட்டிருக்கே. டாக்டரும் அதைப் பாத்துதான் எழுதினார். தப்புன்னா முதல்ல அதை மாத்து. மாத்தினா நான் நம்பறேன்."

"நான் வாயால சொல்றது போதாதா?"

"ஆபீஸ்ல ஒண்ணு சொல்றே, வீட்டுல ஒண்ணு சொல்றே. எதைத்தான் நம்பறது?"

சரியக்கா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

தம்பி அங்கே ஏசி மெக்கானிக். அவனுடைய குடியேற்றக் காகிதங்கள் இன்னும் முடிந்தபாடில்லை. நடுவில் ஊரைவிட்டு வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அவன் வர முடியாது என்பதால்தான் அம்மா போகிறாள். சரியக்கா கூப்பிட்டபோது ஏதோ ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பத்து அம்பதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? நான் அதுலதானே வந்தேன். டாக்டர் சரின்னு சொன்னதா அம்மா சொன்னாங்களே."

"அவர் நாலு அம்பதுன்னு நினைச்சுக்கிட்டு எழுதியிருக்கார்டா!"

"அவர் ஏன் அப்படி நினைச்சார்?"

"எங்க பக்கத்துல அப்படிப் போட்டிருக்கு."

மறுமுனையில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் போனைத் தூக்கித் தெருவில் வீசலாமா என்று வந்தது அவளுக்கு. அவள் கட்டியைப் பற்றி, நுரையீரலைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அவன் சிரிப்பு அடங்கியது.

"அப்போ நீயே அம்மாகிட்ட சொல்லிடுக்கா, போக வேணாம்னு."

"நீ சொல்லேன்."

"நான் எப்படிக்கா சொல்வேன்? ஆறு வருஷம் கழிச்சு என்னைப் பாக்க வராதேன்னு என் வாயால சொல்லச் சொல்றியா? உனக்கு அனுப்ப இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடு. என் தலையில கட்டாதே."

அவளுக்கு இஷ்டமில்லையாம்! அம்மாவின் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றவள் அவள், பெட்டிக்குப் பூட்டு வாங்கியவள் அவள். இப்படி ஒரு பேச்சு! வெடுக்கென்று போனை வைத்தாள். உள்ளே அம்மா மகனுக்காகத் தைத்த நான்கு சட்டைகளை மறுபடி ஒருமுறை பெட்டியிலிருந்து எடுத்து நீவி வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு முந்திய அளவு. அவன் இப்போது பூசணிக்காயாக ஆகியிருக்கிறான் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் சரியக்கா அலுவலகத்தில் இருந்தாள். சரிபார்ப்பவர்கள் அட்டவணையைத் தொடக்கூடாது. அட்டவணை நாலாவது மாடியில் இருக்கும் தரவுப் பிரிவின் சொத்து. ஏதாவது தப்பென்றால் திருத்தக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பதினொன்றரைக்குப் பதில் வந்தது: 'ஆதாரம் இணைக்கவும்.'

ஆறு மணி நேர வித்தியாசத்தை விளக்கி முக்கால் பக்கம் எழுதி அனுப்பினாள். மதியம் இரண்டுக்குப் பதில் வந்தது: 'மூன்று வெளித் தளங்களில் ஒப்பிட்டோம். மூன்றிலும் 4 மணி 50 நிமிடம் என்றே உள்ளது. கோரிக்கை மூடப்பட்டது.'

அந்த மூன்று தளங்களையும் அவள் திறந்து பார்த்தாள். மூன்றும் இவர்களிடமிருந்து திருடியவை. ஒன்றில் இவர்கள் பக்கத்தின் அடியில் இருக்கும் அவள் பெயரைக்கூட எடுக்காமல் அப்படியே ஒட்டியிருந்தார்கள். திருடனுக்கு அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

சரி, இதையாவது பார்க்கட்டும் என்று எதிர்த்திசைப் பக்கத்தை எடுத்தாள். அங்கிருந்து இங்கே திரும்பி வருகிற விமான நேரம் 16 மணி 40 நிமிடம் என்று போட்டிருந்தது. போக ஐந்து மணி நேரம், வரப் பதினேழு மணி நேரம்! விமானம் என்ன மலையா ஏறுகிறது? இதையும் அனுப்பினாள். இந்த முறை பதில் உடனே வந்துவிட்டது: 'போகும்போது காற்று சாதகம்.'

அவள் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, யாருக்கு?" என்றாள். "புத்திசாலிகளுக்கு" என்றாள் சரியக்கா.

நடுவில் டாக்டரின் கிளினிக்குக்கு நான்கு முறை போன் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண்ணின் குரல் தேன் மாதிரி இருந்தது.

"டாக்டர் லீவுங்க. திங்கக்கிழமைதான் வருவார்."

"சனிக்கிழமை ஃபிளைட்டுங்க. அவர் நம்பர் ஏதாவது?"

"குடுக்கறதில்லைங்க. சான்றிதழ்லதான் போகலாம்னு இருக்கே, அப்புறம் என்ன?"

"அதுலதாங்க தப்பு. விமான நேரம் தப்பு."

"ஒரு நிமிஷம்... ஃபைல்ல பக்கம் வச்சிருக்கோம். நாலு அம்பதுன்னுதான் இருக்கு. சரிபார்த்தவர்னு பேர்கூட இருக்கு. நீங்க வேணா அவங்ககிட்ட பேசிப் பாருங்களேன்?"

சரியக்கா போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகம் கழுவினாள். இரண்டு முறை கழுவினாள்.

வெள்ளிக்கிழமை கோரிக்கை கீரிக்கை எதுவும் வேண்டாம் என்று நேராக நாலாவது மாடிக்கே ஏறிவிட்டாள். தரவுப் பிரிவின் தலைவரை எல்லோரும் அட்டவணையார் என்பார்கள். எப்போதும் கையில் ஒரு டம்ளர் வெந்நீர். கோபமே வராத மனிதர். இடி விழுந்தாலும் எந்த மாடியில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளக்கூடியவர். சரியக்கா இந்த முறை கடிகாரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பக்கத்தை அவர் மேஜையில் வைத்தாள்.

"சார், வகுத்து மட்டும் பாருங்க. எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டரை நாலு அம்பதுல போகணும்னா மணிக்கு ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் வேகம். பயணிகள் விமானம் எதுவும் அப்படிப் பறக்கறதில்ல. ரெண்டு எண்ணும் ஒரே பக்கத்துல இருக்கு. ரெண்டுல ஒண்ணு கட்டாயம் தப்பு."

அட்டவணையார் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். கால்குலேட்டரை எடுத்து வகுத்தார். மறுபடி வகுத்தார். அவருடைய புருவம் மெல்ல மேலே ஏறியது.

"அட, ஆமாம்மா. நல்லா கவனிச்சிருக்கீங்க. இதை நாலு வருஷத்துல யாரும் சொல்லல."

சரியக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இன்னைக்கே மாத்திடுவீங்களா சார்? எங்கம்மா விஷயம்."

"இன்னைக்கே. நீங்க கீழ போய்ப் பாருங்க, பத்து நிமிஷத்துல வந்துடும்."

அவள் படியில் ஓடி இறங்கினாள். பத்து நிமிடம் என்று சொன்னவர் எட்டு நிமிடத்தில் மாற்றிவிட்டார். அட்டவணையில் சிவப்பாக ஒரு கட்டம் மின்னியது. பக்கத்திலும் அது மாறியது. பக்கத்து மேஜைக்காரி தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

தூரம் 3,870 கிலோமீட்டர். விமான நேரம் 4 மணி 50 நிமிடம்.

சரியக்கா மறுபடி மாடி ஏறியபோது இறங்கியதைவிட வேகமாக ஏறினாள்.

"தூரத்தை எதுக்கு சார் குறைச்சீங்க?"

"நீங்கதானே ரெண்டுல ஒண்ணு தப்புன்னீங்க? நேரத்துக்கு மூணு வெளி ஆதாரம் இருக்கும்மா. தூரத்துக்கு ஒண்ணும் இல்ல. அதான்." அவர் கால்குலேட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இப்போ வேகம் மணிக்கு எண்ணூறு. கச்சிதமா வந்துடுச்சு பாருங்க."

"எங்க தம்பி அங்க இருக்கான் சார்! எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கான்! நீங்க அழிச்சா பூமி சுருங்கிடுமா? எங்கம்மா கால்ல ரத்தக் கட்டியோட நாளைக்கு ஏறப்போறாங்க, நீங்க கச்சிதம்கறீங்களே!"

அந்த மாடி முழுக்கத் தலைகள் திரும்பின. அட்டவணையார் டம்ளரைக் கீழே வைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் இன்னும் கொடுமை. "அம்மாவுக்கு உடம்பு முடியலன்னா போக வேணாம்னு சொல்லிடுங்களேன்மா. அதுக்கு எதுக்கு அட்டவணை?" என்றார்.

ஊரில் இருக்கிற எல்லோரும் இதையே சொல்கிறார்களே என்று எரிச்சலோடு அவள் இறங்கி வந்தாள். அன்றைக்கு மீதி இருந்த பக்கங்களில் ஒரு பொத்தானைக்கூட அவளால் அழுத்த முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து விமானத்தில் ரத்தம் கட்டாமல் இருக்க நாளைக்குப் போட வேண்டிய இறுக்கமான காலுறையைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். இடது கால் இன்னும் வலது காலைவிடக் கொஞ்சம் தடித்துத்தான் இருந்தது. முழங்கால் வரைக்கும் இழுக்க மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மாத்திட்டியா?" என்றாள்.

"மாத்தல. என்னால முடியல. தூரத்தைக் குறைச்சு வச்சிருக்கானுங்க, அறிவுகெட்டவனுங்க." சரியக்கா கைப்பையை நாற்காலியில் எறிந்தாள். "ஆனா சத்தியமா சொல்றேம்மா, அது பத்து அம்பது. என்னை நம்பு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பத்து அம்பதுன்னு தெரியும். அவன் போன அன்னைக்கே தெரியும். இறங்கிட்டேன்னு போன் வர்ற வரைக்கும் அந்தப் பத்து அம்பதும் இந்தக் கட்டில்லதானே உக்காந்திருந்தேன்." அம்மா காலுறையின் விளிம்பை மடித்துவிட்டாள். "முப்பத்திரண்டு வருஷம் எந்த ஊர்ல மணி என்னன்னு பாத்துப் பாத்து லைன் போட்டுக் குடுத்தவ நான். எனக்குக் கடிகாரம் காட்டிப் பாடம் எடுக்கறே நீ!"

சரியக்கா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முந்தாநாள் தான் கடிகாரத்துக்குக் கீழே நின்று விளக்கியது ஞாபகம் வந்து காது சுட்டது.

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட..."

"ஆறு மணி நேரத்துக்கு மேல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். கெஞ்சிப் பாத்தேன். அசையல. வீட்டுக்கு வந்து தேடினேன். எங்க தேடினாலும் பத்து, பத்தரை, பதினொண்ணுன்னு இருக்கு. உங்க பக்கத்துலதான் நாலு அம்பதுன்னு கண்ணுல பட்டுது. கீழ உன் பேரு வேற." அம்மா லேசாகச் சிரித்தாள். "எடுத்துட்டுப் போய் நீட்டினேன். பொண்ணு சரிபார்த்ததுன்னேன். போட்டுட்டார்."

"வழியிலயே நீ செத்துப் போயிட்டா? விளையாட்டாம்மா இது உனக்கு?"

"ஆறு வருஷமாச்சுடி அவனை நேர்ல பாத்து."

பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ எப்போ சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் அம்மா. "பக்கம் தப்புன்னே, டாக்டர் தப்புன்னே, ஆபீஸ் தப்புன்னே. மூணு நாளா ஊரைச் சுத்தி வர்றே. போகாதேம்மான்னு ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வரல."

சரியக்காவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அந்த வார்த்தையைப் பக்கம் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். இல்லையென்றால் டாக்டர் சொல்லட்டும், தம்பி சொல்லட்டும். நாளைக்கு அம்மா அந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, தடுத்தது இவள்தான் என்று ஆகிவிடக்கூடாது. அதற்குத்தான் இத்தனை கோரிக்கை, இத்தனை போன்.

"சொன்னா கேட்டிருப்பியா?"

"தெரியல. சொல்லிப் பாரு."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போகாதேம்மா."

அம்மா குனிந்து காலுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். போடும்போது பட்ட பாட்டைவிடக் கழற்றுவதுதான் அதிக சிரமமாக இருந்தது. சரியக்கா கீழே உட்கார்ந்து குதிகாலைப் பிடித்து உருவிவிட்டாள். தோலில் வரிவரியாக அழுந்திய தடம் இருந்தது. அதை அவள் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவன்கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றாள் அம்மா. "இப்போ அங்க ஒண்ணேகால். சாப்பிட்டுக்கிட்டு இருப்பான். முடிக்கட்டும்."

பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். "அந்தப் பக்கத்தைக் காட்டு. என்னமோ குறைச்சுட்டாங்கன்னியே."

சரியக்கா போனில் எடுத்துக் கொடுத்தாள். அம்மா எண்ணை விரலால் பெரிதாக்கி, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள்.

"மூவாயிரத்து எண்ணூத்தி எழுபது." போனை மடியில் வைத்துக்கொண்டாள். "இவ்வளவு கிட்ட இருந்தும் போய்ப் பாக்க முடியலையே."